புல்வெட்டிக்கு ரப்பர் விரிப்பு

மட்டோமே கடப்பாறையால் நெம்பினான். டிரெய்லரின் பழைய பிளைவுட் தரை, தண்ணீரில் ஊறின ரொட்டி மாதிரிப் பிய்ந்து வந்தது. போன வாரம் இதைத் துளைத்துக்கொண்டுதான் லெசிபாவின் இடது கால் கீழே போனது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. போலொக்வானே நகரத்துச் சாலையின் தார் குதிகாலைச் சீவிவிட்டது. கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு லெசிபா ஆணி பிடுங்கினான். வீட்டில் படுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டித் தரும் ஹென்னிக்கு இவர்கள் இரண்டு பேர்தான் ஆட்கள். அவன் வண்டியின் பின்பக்கம் கருவிப் பெட்டிகளோடு பூட்டிக் கிடக்கும். முன்னால் பக்கத்து இருக்கையில் அவன் தொப்பி உட்கார்ந்து வரும். ஆட்கள் பின்னால் இழுபட்டு வரும் டிரெய்லரில்.

"பாஸ், மருந்து ஏத்தின பைன் பலகை போட்டுடலாம்," என்றான் லெசிபா. "கொஞ்சம் இடைவெளி விட்டு அடிச்சா மழைத்தண்ணி வடிஞ்சிடும், அழுகாது."

"பலகையா? மறுபடி ஓட்டை போடுறதுக்கா?" ஹென்னி அவன் காலைப் பார்த்தான். "உன் காலால எனக்கு ஒரு நாள் பொழப்பு போச்சு. இரும்புத் தகடுதான். என் ஆயுசுக்கும் கெடக்கும்."

"ஜனவரிக் கோடை வெயில்ல அடுப்பா காயுமே பாஸ். நாங்க அதுல உக்காரணுமே."

"உக்காரவாடா சம்பளம் தர்றேன்?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனான். மட்டோமே காறித் துப்பினான்.

"மூஞ்சியப் பாரு. டிரெய்லர்ல ஆள ஏத்தினா தப்புன்னு தெரிஞ்சுதானே போலீஸக் கண்டா ஹாரன் அடிச்சுப் படுக்கச் சொல்றான்? இதுல தகடு வேற. சனியன்."

தகடு வந்தது. பற்றவைத்தார்கள். துரு பிடிக்கக் கூடாதாம். அந்த மகாபுத்திசாலி அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னான்.

முதல் நாளே, தகட்டின் அதிர்வில், புதிதாக வாங்கின புல்வெட்டி மெஷினின் திருகுகள் இரண்டு கழன்று விழுந்தன. ஹென்னி பதறிப்போனான். அன்று மாலையே கனமான ரப்பர் விரிப்போடு வந்து இறங்கினான்.

"பரவால்ல, மனசு வந்துச்சே!" லெசிபாவின் முகம் மலர்ந்தது.

ஹென்னி புல்வெட்டியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டான். கோட்டோடு வெட்டி அதன் அடியில் விரித்தான். மிச்சத் துண்டைக் கொண்டுபோய் வண்டிக்குள் தன் பூட்ஸுக்குக் கீழே போட்டுக்கொண்டான்.

"பாத்தியாடா உன் பாஸோட மனச?" என்றான் மட்டோமே.

மறுநாள் நடுவெயிலில் ஹாரன் இரண்டு முறை அடித்தது. முன்னால் போலீஸ் தடுப்பு. இருவரும் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு தகட்டில் படுத்தார்கள். சட்டையைத் தாண்டிச் சுட்டது. லெசிபா குதிகாலை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். தொடை நடுங்கியது. கத்திவிடாமல் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான்.

வண்டி நின்றது.

"பின்னாடி என்ன இருக்கு?"

"புல்வெட்டி மட்டும்தான் சார். புதுசு. வேற ஒண்ணுமில்ல."

லெசிபா கையை நீட்டினான். புல்வெட்டியின் அடியில் ரப்பர் குளிர்ச்சியாக இருந்தது.