ஒரே நீரில் மிதந்தவை

மனைவிக்கு ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்த அன்று மத்தியானமே எனக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஆய்வகத்தில் என் வேலை, மெழுகில் பதித்த சதைத் துணுக்கை முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, எண் எழுதிய கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பது. ஒன்றை எடுத்த பிறகுதான் அடுத்ததை நீரில் விட வேண்டும். பத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்கு நான் படித்துப் படித்துச் சொல்கிற விதி. அவள் மார்பிலிருந்து எடுத்த துணுக்கு வந்தபோது, சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாமென்று அடுத்த பெண்ணுடையதையும் அதே நீரில் விட்டுவிட்டேன். எதை எந்தத் தகட்டில் ஏந்தினேன்? அந்தப் பெண்ணுக்குப் புற்று என்று அறிக்கை போயிருந்தது.

வீட்டில் நான் பெரிய அண்டவியல் பேச்சாளன். நம் ரத்தத்திலுள்ள இரும்பு ஏதோ நட்சத்திரத்தில் வெந்தது, நாம் இருந்தாலும் போனாலும் அண்டத்துக்கு ஒன்றுதான் என்பேன். "அந்த நட்சத்திரத்த வந்து பாத்திரம் கழுவச் சொல்லுங்க" என்பாள் என் மனைவி.

அன்று மாலை அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக வீட்டில் கேட்காத சத்தம்.

"என்னங்க, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே."

"தலவலி" என்றேன். கோழை நான், வேறென்ன சொல்ல.

மறுநாள் காலை, தகடுகளைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரம்மா அறைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளில் அறுவை சிகிச்சை.

"மேடம், ஆபரேஷன் ஆகப்போற அம்மாவோடதையும் அதுக்கு முந்தினதையும் மெழுகிலேர்ந்து திரும்ப வெட்டிப் பாக்கணும். ஒரே தண்ணியில விட்டுட்டேன். ஒண்ணு என் வீட்டுக்காரம்மாவோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்ல சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"நீங்க கத்தியத் தொட வேணாம். வேற ஆள் வெட்டட்டும்."

வாசலிலேயே நின்றேன். என் மனைவிக்கு இல்லாமலிருக்கட்டும் என்றால், அந்தப் பெண்ணுக்கு இருக்கட்டும் என்றுதானே அர்த்தம்? முகம் தெரியாதவள். வயது நாற்பத்தொன்று என்பது மட்டும் தெரியும். காதே கிடையாது என்று நான் சொல்லிவந்த அண்டத்திடம், வெட்கமில்லாமல் அதையேதான் கேட்டேன்.

சாயங்காலம் புதுத் தகடுகள் வந்தன. டாக்டரம்மா என் மனைவியுடையதை முதலில் நுண்ணோக்கியில் வைத்தார். குமிழை மெல்லத் திருப்பினார், தகட்டை நகர்த்தினார், மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தார்.

பிறகு கண்ணை எடுக்காமலே, பக்கத்திலிருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.