கடற்பஞ்சு விலங்குதான்

கடற்பஞ்சைத் தம்ளரில் நனைத்து, பாதி பிழிந்து, அப்பாவின் உதட்டில் ஒற்றினாள் சாராள். ரெண்டு சொட்டுக்கு மேல் போனால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பி மூன்று நாளாகிறது. உலர்ந்த உதடு ஈரத்தைப் பிடித்துச் சப்பியது. கட்டிலின் கால்மாட்டில் போதகர், கக்கத்தில் தோல் பையோடு நின்றிருந்தார். பஞ்சைப் பார்க்காத மாதிரி பார்த்தார். ஜெபிக்க வந்தவர் மாதிரியும் இல்லை, கிளம்புகிறவர் மாதிரியும் இல்லை.

பூந்தமல்லிப் பக்கம் மேகம் கறுத்து, பகல் இரண்டு மணிக்கே காட்டுப்பாக்கத்து வீடு இருண்டிருந்தது. கரண்ட் இல்லை.

அப்பா வேதமுத்து முப்பது வருஷம் விலங்கியல் வாத்தியார். தன் ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றுகிற மருந்தே கடற்பஞ்சில் கண்டதை வைத்துச் செய்ததுதான் என்று நர்ஸுக்கும் பாடம் எடுத்தவர். எண்பத்தெட்டாம் வருஷம் பெரிய வெள்ளியன்று, சிலுவையில் ஆண்டவரின் தாகத்துக்கு நீட்டிய கடற்காளானை, வேதத்தில் கடற்பஞ்சுக்கு அதுதான் பேர், பற்றிப் போதகர் ஒரு மணி நேரம் உருகினார். "ஆழத்தில் வேரூன்றிய அந்தத் தாழ்மையான செடி…"

மூன்றாவது பெஞ்சிலிருந்து வேதமுத்து எழுந்தார். "செடி இல்லீங்கய்யா. விலங்கு."

அதோடு உட்கார்ந்திருந்தால் சபை மன்னித்திருக்கும். வாய் கிடையாது, இதயம் கிடையாது, மூளை கிடையாது. உடம்பெல்லாம் உள்ள பொடித்துளைகளால் தண்ணீரை இழுத்து, இரையைச் சலித்துக்கொண்டு, மேலே இருக்கிற பெரிய துளையால் வெளியே தள்ளும். இதுகள் இல்லையென்றால் பவளப்பாறைத் தண்ணீரே கலங்கிப்போகும் என்று அடுக்கினார். "மண்டபம் கடல்ல நானே பாத்தேன். பக்கத்துல மை ஊத்தினேன். மேல் துளை வழியா புகை மாதிரி வந்துச்சு. செடி செய்யுமா?"

பின்வரிசையில் சிரித்தார்கள். மூளை இல்லாமல் வாழ முடியும் என்ற இடத்தில்தான் சிரித்தார்கள் என்பதைப் போதகர் மறக்கவில்லை.

இப்போது பையிலிருந்து டைப் அடித்த தாள் வந்தது. உச்சியில் போதகரின் பெயர்; அதற்குப் பின்னால் பெயரைவிட நீளமாகப் பட்டங்கள். 'மேற்படி கடற்காளான் தாவரமே என்றும், ஆலயத்தில் நான் பேசியது அகந்தை என்றும் ஒப்புக்கொள்கிறேன்.'

"கையெழுத்து வேண்டாம் மகளே, ரேகை போதும். இல்லாவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர கமிட்டி சம்மதிக்காது. என் கையில் என்ன இருக்கிறது?"

அவர் கையில் மைப்பெட்டி இருந்தது.

கதவருகே நின்ற பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சாமி, மனுசன் மூச்சு வுடவே தவிச்சுகினு கீறாரு, ரேகை கேக்கறியே? சாரா, எங்க சுடுகாட்டுல எடம் கீதும்மா. அங்க யாரும் பரிச்ச வெக்கிறதில்ல."

"எட்வின் கல்லறைத் தோட்டத்துலதாண்டி இருக்கான்" என்றாள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அம்மா.

எட்வின், மூன்று வயதில் போன அண்ணன். அவனை அடக்கம் செய்த அன்றே பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

"அப்பாவைக் கேக்காமயா?"

"கேட்டா ஒத்துக்கிற ஆளாடி அவரு?"

சாராள் பஞ்சை மறுபடி நனைத்து ஒற்றினாள். இந்த முறை உதடு சப்பவில்லை. தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போயிற்று.

அம்மாவின் தொண்டையில் சத்தம் கிளம்பியது. போதகர் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் மெதுவாக. "கை இன்னும் சூடாகத்தான் இருக்கும்."

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் முதல் சொட்டுகள் விழுந்தன. அம்மா சத்தத்தை விழுங்கிக்கொண்டு மகளைப் பார்த்தாள். வேம்புலியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாராள் அப்பாவின் கட்டைவிரலை எடுத்தாள். சூடாகத்தான் இருந்தது. மையில் அழுத்தி, தாளில் வைத்தாள்.

போதகர் ஊதிக் காயவைத்து, மடித்துப் பைக்குள் வைத்தபிறகு ஜெபித்தார். நல்ல ஜெபம், குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. அடக்கம் நாளைக் காலை பத்து மணிக்கு என்று சொல்லிக் குடையை விரித்தார். அப்புறம்தான் அம்மா அழுதாள்.

குளிப்பாட்டுவதற்குள் விரலைச் சுத்தம் செய்யவேண்டும். சாராள் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் ஊதா நின்றுவிட்டது. பஞ்சைக் கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்து, தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் சிறிது நேரம் தெளிவாகவே இருந்தது. சாராள் குனிந்தாள். பஞ்சின் மேல் துளையிலிருந்து ஊதா நிறம், புகை மாதிரி, மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்தது.