வெடிக்காத எட்டு மூங்கில்

2017 மார்ச் 9, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, லகுனா மாகாணம் சான் அகாபித்தோ ஊரின் கொய்யாச் சந்தில், ஜோனெல் கதிந்திக் என்ற இருபத்து மூன்று வயது ட்ரைசைக்கிள் (மூன்று சக்கர வாடகை வண்டி) ஓட்டுநர் போலீஸ் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார்.

போலீஸ் அறிக்கையில் 'போதைப்பொருள் வியாபாரி, எதிர்த்துச் சுட்டார்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து, சார்ஜென்ட் ருஃபினோ அபார்கெஸ். சாட்சிக் கையெழுத்து, ஊர்க்காவலர் இலியோங். பிணப் பரிசோதனை செய்த மருத்துவர் வேறொரு தாளில், குண்டு நுழைந்த காயங்கள் மூன்று, மூன்றும் முதுகில் என்று எழுதினார். இரண்டு தாள்களும் ஒரே கோப்பில் இருந்தன. அரசு வழக்கறிஞர் இரண்டையும் படித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

அந்த ஆண்டு நகர மன்றம் ருஃபினோவுக்கு 'ஊரின் வீரர்' என்று பொறித்த பலகை கொடுத்தது. மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்று, வட்டாரத் தேர்தலில் நின்று, கேப்டன் ஆனார். வட்டாரத் தலைவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அதே ஆண்டு டிசம்பர் முப்பதாம் தேதி, ஸ்பானிய ஆட்சி சுட்டுக் கொன்ற தேசிய வீரரின் நினைவான ரிசால் தினத்தில், அவர் ரிசாலாகவும் ஆனார்.

சான் அகாபித்தோவில் ரிசால் தினத்துக்கு மலர்வளையம் மட்டும் போதாது. ஸ்பானியர்கள் அவரைச் சுட்ட காலை ஏழு மணி மூன்று நிமிடத்துக்கு, சதுக்கத்தில், சிலைக்கு முன்னால், அதை மறுபடி நடித்துக் காட்ட வேண்டும். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் ஏரியைப் பார்த்து நிற்பார். அவருக்குப் பின்னால் எட்டு உள்ளூர்ச் சிப்பாய்கள், கையில் மரத்துப்பாக்கி. அந்த எட்டுப் பேரும் சுட மறுத்தால் அவர்களைச் சுடுவதற்கு, பின்னால் இன்னொரு வரிசை ஸ்பானியர்கள். வெடிச் சத்தம் நகர மண்டபச் சுவருக்குப் பின்னாலிருந்து வரும். கணுக்களைக் குடைந்த எட்டு மூங்கில் குழல்கள், உள்ளே மண்ணெண்ணெய். அடித்துளையில் தீயைக் காட்டினால் ஏரியின் மறுகரைக்கும் கேட்கும்.

அந்தக் குழல்களைச் செய்து வந்தவன் ஜோனெல். அவன் செத்த பிறகு அவனுடைய அக்கா பெர்லிட்டா செய்தாள்.

சந்தையில் கோழிக் கஞ்சி விற்பவள் அவள். கொன்றவர் நடிக்கும் நாடகத்துக்கு அவள் மூங்கில் வெட்டப் போனது ஊருக்கு ஆச்சரியமாக இருந்தது. ருஃபினோவுக்கு அது வசதியாக இருந்தது. "செத்தவனோட அக்காவே எனக்கு வேலை செய்றா. என்மேல தப்பு இருந்தா செய்வாளா?" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு அவள் அவர் வீட்டுக்கு அரிசிக் கேக்கும் கொடுத்தனுப்பினாள். பங்குச் சாமியார் மகிழ்ந்துபோய், "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"அவரு இன்னும் மன்னிப்புக் கேக்கலையே ஃபாதர்" என்றாள் பெர்லிட்டா. "கேக்காததை எப்படிக் குடுக்கிறது?"

அவள் மன்னிக்கவில்லை என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். இலியோங் தினமும் அவள் கடையில்தான் கஞ்சி குடித்தார். எல்லோருடைய கிண்ணத்திலும் அவித்த முட்டையில் பாதி இருக்கும். அவருடையதில் இருக்காது. இரண்டு வருடம், ஒன்பது மாதம். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

2019 டிசம்பரில் நகர மன்றம் இன்னொரு தீர்மானம் போட்டது. ரிசால் தின நிகழ்ச்சியின் முடிவில் கொய்யாச் சந்துக்கு 'கேப்டன் ருஃபினோ அபார்கெஸ் தெரு' என்று பெயர் வைக்கப்படும். செய்தியைக் கேட்டபோது பெர்லிட்டா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்துவிட்டு ஆணிக் கடைக்குப் போனாள்.

இருபத்தொன்பதாம் தேதி மாலை ஒத்திகை. நாடகத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை கிளியோஃபே. ருஃபினோவுக்கு ஒரு குறை இருந்தது.

"டீச்சர், நான் ஜனங்களைப் பாத்துக்கிட்டே செத்தா என்ன? போன வருஷம் என் முதுகத்தான் போட்டோ எடுத்தானுங்க."

"ரிசாலே கேட்டுப் பாத்தாரு கேப்டன், விடலை. தேசத் துரோகின்னு தீர்ப்பு. துரோகிய முதுகுலதான் சுடுவாங்க."

"அவரு துரோகியா?"

"சுட்டவங்க அப்படித்தான் எழுதினாங்க. அதுக்காகத்தான் குண்டு பட்டதும் உடம்பைத் திருப்பி, வானத்தைப் பாத்து விழுந்தாரு. நீங்களும் வெடி கேட்டப்புறம்தான் திரும்பணும். முன்னாடியே திரும்பினா நாடகம் காலி."

"திரும்புறதுல நான்தான் ராஜா" என்று ருஃபினோ ஒரு காலில் சுழன்று காட்டினார். சிப்பாய் வேடக்காரர்கள் சிரித்தார்கள். எட்டுப் பேரில் ஏழு பேர் ட்ரைசைக்கிள் ஓட்டுபவர்கள், ஜோனெலோடு ஒரே நிறுத்தத்தில் நின்றவர்கள். எட்டாவது ஆள் இலியோங். "இன்னொண்ணு. போன வருஷம் என் கடைசிப் பேச்சு பின்னால இருந்தவங்களுக்குக் கேக்கவே இல்ல. இந்தத் தடவை கோட்டுல மாட்டுற மைக் வேணும்."

பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த பெர்லிட்டாவைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, சத்தம் எப்படி? போன வருஷம் ஒண்ணு புஸ்ஸுன்னு போச்சே."

"இந்த வருஷம் அப்படி ஆகாது கேப்டன்."

மறுநாள் காலை ஆறரைக்குக் கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் மரங்களில் தொங்கின. மேயர், பள்ளிப் பிள்ளைகள், பித்தளை வாத்தியக் குழு என்று நானூறு பேர் இருக்கும். மேசைமேல் துணி போர்த்திய பெயர்ப்பலகை. ஏரிக்காற்றுக்குத் துணி விலகாமலிருக்க இரண்டு கல் வைத்திருந்தார்கள்.

சுவருக்குப் பின்னால் பெர்லிட்டா குழல்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தாள். சிப்பாய் உடையில் இலியோங் உள்ளே வந்தார்.

"பெர்லி, கோவிச்சுக்காத. நீ கடையில ஆணி வாங்கினதா ஒருத்தன் சொன்னான்."

"வாங்கினேன். எட்டுக் குழலுக்கும் சேத்து. நாலு அங்குல ஆணி."

இலியோங் குழல்களைப் பார்த்தார். சுவரில் ஒரு செங்கல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியே நேர் எதிரே தெரிந்தது, கறுப்புக் கோட்டு நிற்கப்போகிற இடம்.

"உள்ள போட்டுட்டியா?"

"பயப்படாத அண்ணே. டப்பா வீட்லயே இருக்கு." அவள் கந்தலைக் கம்பில் சுற்றிக்கொண்டே பேசினாள். "மூணு நாள் ராப்பகலா யோசிச்சேன். இன்னிக்குத் தேதி என்ன? அவன் போட்டிருக்கிற கோட்டு யாரு கோட்டு? இந்த இடத்துல, இந்த நேரத்துல அவன் செத்தா என்ன ஆவான்? ரிசாலுக்குப் பக்கத்துல இன்னொரு சிலை வைப்பானுங்க. அடுத்த வருஷம் அதுக்கும் நான்தான் மூங்கில் வெட்டணும்."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"சாவுன்னா அவனுக்கு ரொம்பப் பிடிக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை செத்து, எழுந்து, கை தட்டு வாங்கிக்கிறான். அதை மட்டும் தர மாட்டேன்." கம்பைக் கீழே வைத்தாள். "போ, வரிசையில நில்லு. உனக்குப் பின்னாலதான் எப்பவும் ஆள் நிக்குமே."

இலியோங் போனார்.

ஏழு மணிக்கு ருஃபினோ நடந்து வந்தார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. மைக் மூலம் அவருடைய மூச்சுக்கூடக் கேட்டது. "என் மக்களே, உங்களுக்காகவே நான் சாகிறேன்" என்று முடித்தபோது முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைத் துடைத்தாள். அவர் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றார். முரசு அடங்கியது. அதிகாரி வேடக்காரர் வாளை உயர்த்தினார்.

"சுடு!"

எட்டு மரத்துப்பாக்கிகள் உயர்ந்தன. சத்தம் வரவில்லை.

"சுடு!"

ருஃபினோவின் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. திரும்பிப் பார்க்க முடியாது; திரும்பினால் நாடகம் காலி. ஒரு நிமிடம் போயிற்று. நானூறு பேருக்கு முன்னால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கேப்டன் சாகுறதுக்கு நல்ல நேரம் பாக்குறாருப்பா!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"சீக்கிரம் சுடுங்கடா, கஞ்சி ஆறுது!"

"கஞ்சிக்காரியே உள்ளதான இருக்கா!"

சிரிப்பு பின்வரிசை வரைக்கும் பரவியது. கிளியோஃபே டீச்சர், "பெர்லிட்டா! என்னம்மா ஆச்சு?" என்று கத்தினார்.

பெர்லிட்டா சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் தீக்கம்பு இல்லை. தையல்காரர்கள் துணியில் கோடு போடும் வெள்ளைக் கட்டி இருந்தது. சிப்பாய்களின் வரிசையைத் தாண்டி ருஃபினோவின் பின்னால் போய் நின்றாள். கறுப்புக் கோட்டில் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு வட்டம் போட்டாள். அதற்கு நாலு விரல் கீழே ஒன்று. முதுகெலும்பை ஒட்டி, இடுப்புக்கு மேலே ஒன்று. மருத்துவரின் தாளில் இருந்த அதே இடங்கள். பார்த்து வரையவில்லை, அவளுக்கு மனப்பாடம்.

சிரிப்பு நின்றது. மூன்று வட்டங்களும் என்னவென்று ஊரில் தெரியாதவர் குறைவு.

ருஃபினோ தலையைத் திருப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். கோட்டில் மைக் இருப்பது அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை.

"என்னடி பண்ற? போ. போய்ப் பத்தவை."

அது நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

"திரும்புங்க கேப்டன்" என்றாள் பெர்லிட்டா. "என் தம்பி உங்களப் பாத்துத் திரும்பிச் சுட்டான்னு எழுதினீங்களே. எப்படித் திரும்பினான்? அதைக் காட்டுங்க. நீங்கதான் திரும்புறதுல ராஜாவாச்சே."

"அந்த நாய் எங்கடி திரும்பினான்? ஓடினான். ஓடினவனப் போட்டேன். உன்னை ஓடக்கூட விட மாட்டேன், பாத்துக்க."

ஏரிப்பக்கக் கட்டடத்தில் பட்டு அந்தக் குரல் ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் மார்பைக் குனிந்து பார்த்தார். மைக்கைப் பிடுங்கக் கை எழவில்லை; நாடகத்துக்காகத்தான் என்றாலும் முடிச்சு உண்மையான முடிச்சு. அவர் திரும்பினார்.

"இவளப் பிடிங்கடா!"

முன்வரிசைச் சிப்பாய்கள் நகரவில்லை. பின்வரிசை ஸ்பானிய வேடக்காரர்கள் புதிதாகப் போலீசில் சேர்ந்தவர்கள். அவர்கள் மேயரைப் பார்த்தார்கள். மேயர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இலியோங்! காது செவிடா? பிடி அவள!"

இலியோங் மரத்துப்பாக்கியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தார். மைக்குக்கு எட்டும் தூரம் அது.

"அன்னிக்கு அவன் கையில ஒண்ணும் இல்ல. வண்டிச் சாவி மட்டும்தான். துப்பாக்கி அப்புறம் வச்சது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"டேய், உன்னையும் சேத்துப் புதைச்சிருவேன்டா."

இதுவும் கேட்டது. ஒலிபெருக்கிக்காரர் பின்னால் விசாரணையில், நிறுத்துவதற்குத் தனக்கு நேரம் இருந்தது, தோன்றவில்லை என்று சொன்னார்.

ட்ரைசைக்கிள் ஓட்டுநர்கள் ஏழு பேரும் ஒவ்வொருவராகத் துப்பாக்கிகளைத் தரையில் வைத்தார்கள். ருஃபினோ அவர்களைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். கை அவிழ்க்க யாரும் போகவில்லை. சதுக்கத்தின் முழு நீளத்துக்கும் அந்த மூன்று வட்டங்கள் எல்லோருக்கும் தெரிந்தன. ஜோனெலின் வண்டி நிறுத்தத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார்: "கேப்டன், ஓடாதீங்க! ஓடுனா போட்டுருவாங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

பெர்லிட்டா வெள்ளைக் கட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போய்க் கடையைத் திறந்தாள்.

2020 ஜனவரி 14 அன்று இலியோங் புதிய வாக்குமூலம் கொடுத்தார். ஊர்க்காவலர் வேலையை இழந்தார். பொய்ச்சாட்சிக்காக அவர்மீது தனி வழக்குப் பதிவானது. மூடிய கோப்பு மறுபடி திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் ருஃபினோ அபார்கெஸ் கொலைக் குற்றச்சாட்டில் கைதாகி மாகாணச் சிறைக்கு அனுப்பப்பட்டார். போலீஸ் பதிவேட்டில் 'எதிர்த்துச் சுட்டார்' என்ற வரி அடித்து நீக்கப்பட்டது. பொது நிகழ்ச்சியில் தொல்லை கொடுத்த குற்றத்துக்காகப் பெர்லிட்டா அபராதம் கட்டினாள். பெயர்ப்பலகை நகர மண்டபக் கிடங்கில் இருக்கிறது. சந்து கொய்யாச் சந்துதான்.

இலியோங் இப்போதும் காலையில் அவள் கடைக்கு வருகிறார். அவருடைய கிண்ணத்தில் முட்டை இல்லை.