கான்சாபுரத்துப் புற்று

கான்சாபுரத்து மாந்தோப்பில் கூலி வேலை பார்க்கும் சோலைச்சாமி, கறையான் புற்றில் புற்றுக்காளான் முளைக்கிற இடத்தைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை. ஐப்பசி மழை விட்டதும் தனியாகப் போவார். புற்றுப் பக்கம் இரும்பு கொண்டுபோக மாட்டார். கையால் பறித்து, நாலைந்து மொட்டை மறுவருசத்துக்கு விட்டுவைப்பார்.

அந்த இடத்தைக் காளான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரி ஆசிரியை கல்பனாவுக்கு மட்டும் காட்டினார். "ஊர் பேரு எங்கயும் வராதுண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ராஜபாளையத்து ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினாள். திரை முழுக்க நாலே எழுத்து, மாறி மாறி எறும்புச்சாரி போல ஓடியது.

"இது உங்க காளானோட டி.என்.ஏ. ரெண்டு ஓரமும் எல்லாக் காளானுக்கும் ஒண்ணுபோல இருக்கும். இந்த சாப்ட்வேர் ஓரத்த வெட்டி எறிஞ்சிட்டு நடுத்துண்ட மட்டும் எடுக்கும். எந்தக் காளான்னு அதுதான் சொல்லும்."

"நெல்லத் தூத்திப் பதர விடுத மாதிரி. அதோட ஊரும் போயிரும்லா?"

"போயிரும்ணே."

நம்பினார்.

மறு ஐப்பசியில் போனபோது புற்று இருந்த இடம் குழியாகக் கிடந்தது. கடப்பாரையோடு இரண்டு பேர் நின்றார்கள். காளான் விதை தயாரிக்கிறவர்களாம்.

"ஏலே, யாரு காட்டுனா இந்த எடத்த?"

"யாரு காட்டணும் பெரிசு? அந்த மேடமே எல்லாரும் பாக்குத மாதிரி நெட்டுல ஏத்தி வச்சிருக்காக. மேப்பு இங்கனயே கொண்டாந்து நிறுத்துது."

கூலியை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி ராஜபாளையம் போனார். கல்பனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடம் போடாம நெட்டுல ஏத்துக்க மாட்டாங்கண்ணே. ஜில்லா பேரு மட்டும் போட்டிருக்கலாம். அவசரத்துல மேப்புப் புள்ளி வரைக்கும் எல்லாத்தையும் போட்டுட்டேன்."

"எப்பம்?"

"போன மார்கழில."

பத்து மாதம். இடையில் நாலு தடவை போனில் பேசியிருக்கிறாள். மழை பெய்ததா என்றெல்லாம் விசாரித்தாள்.

அவளே மெல்ல ஆரம்பித்தாள். "அண்ணே, நடுத்துண்டு ஒரு பக்கம் முழுசா வரலன்னு சாப்ட்வேர் காட்டுது. இன்னொரு காளான் கிடைச்சா திரும்ப எடுத்துரலாம். வேற புத்து இருக்குமில்ல?"

இருந்தது. வடக்கு வரப்பில், கற்றாழைப் புதருக்குப் பின்னால், அன்று காலையில்தான் மொட்டு விட்டிருந்தது.

"இல்ல டீச்சர். ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார் சோலைச்சாமி, அவள் கண்ணைப் பார்த்தே.