ஐம்பத்தொன்பது குப்பிகள்

ஐம்பத்தொன்பது குப்பியிலும் நோய் இல்லை என்று பரிசோதனைக்கூடம் எழுதிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலையில் பின் யுவோங் பண்ணையின் பன்றிக்குட்டிகள் பன்னிரண்டு ஊர்களுக்குப் போகும். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பென் தான் சந்தைப் பக்கம் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் கையெழுத்து விழவில்லை.

எத்தனை பன்றியைச் சோதிப்பது என்ற கணக்கு என்னுடையதுதான். நூற்றுக்கு ஐந்து பன்றிக்கு அந்தக் கொள்ளைக் காய்ச்சல் இருந்தாலும், குலுக்கல் போட்டு ஐம்பத்தொன்பதைச் சோதித்தால் ஒன்றாவது அநேகமாக மாட்டிக்கொள்ளும். எந்தெந்தப் பன்றி என்று கணினி பட்டியல் தரும். இரத்தம் எடுப்பவர் லூசியேன். காரைக்கால்காரர், எறும்பை மிதிக்கவும் யோசிப்பவர். அரை நாள் வேலையை இந்த முறை இரண்டே மணி நேரத்தில் முடித்திருந்தார். அதுதான் என்னை அரித்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, பட்டியல்ல இருந்த அத்தனையும் குத்துனீகளா?"

"குத்தாம என்ன அலமேலு? மூணு மட்டும் படுத்தே கெடந்துச்சு. வெயிலு. பாவம், அதுகளப் போயி ஊசியால குத்தணுமா? பக்கத்துல நின்னதுகள்ல எடுத்துட்டேன்."

"நம்பரு?"

"பட்டியல்ல உள்ளதத்தான் எழுதினேன். இல்லாட்டி நீ கத்துவியே!"

கத்தத்தான் செய்தேன். "படுத்துக் கெடக்குறதும் உள்ள வரணும்னுதானண்ணே குலுக்கலே போட்டோம்!"

உடனே அவருடைய பைக்கில் கிளம்பினோம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திட்டினேன்.

அந்த மூன்றும் கிடந்த ஒன்பதாம் கொட்டிலில் ஒரு மூலையைக் கழுவிச் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். அவற்றில் இரண்டு நேற்றுச் செத்துவிட்டன, வெயில்தான் என்றாள் பண்ணைக்காரி. மூன்றாவது பன்றி சுவரோரம் கிடந்து மூச்சு வாங்கியது. லூசியேன் மண்டியிட்டார். "மன்னிச்சுக்க தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியைப் போட்டார். ஒரு சொட்டை உடனடிச் சோதனைப் பட்டையில் விட்டார். முடிவு தெரியப் பதினைந்து நிமிடம் ஆகும்; என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

இரண்டாவது கோடு விழுந்தது. காய்ச்சல்தான்.

லாரி வேண்டாம் என்று போனில் சொன்னேன். பண்ணைக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றுக்கு வந்தாலும் பண்ணை முழுவதையும் கொன்று புதைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

தீனி வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த கொட்டில் குட்டிகள் எங்களிடம் ஓடிவந்தன. ஒன்று கம்பி வழியாக லூசியேனின் விரலை முகர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இதுகளையுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.