செங்கல் சிவப்பும் பாசிப் பச்சையும்

வாசுகி வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் எல்லாமே வெள்ளை. மண் வெள்ளை, மாவு வெள்ளை, சூளையில் வெந்து வரும் கரண்ட் பீஸ் கட்டைகளும் வெள்ளை. பதினாறு வருஷமாக அவள் அவற்றை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, கீறல் இருக்கிறதா, மெருகு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து வைக்கிறாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில்கூட மாவு படிந்திருக்கும்.

மகள் சண்முகப்ரியா கல்லூரி விடுதிக்குப் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதுளம்பழத் தோலைக் குப்பையில் கொட்டப் போன வாசுகி கொட்டாமல் நின்றாள். தோல் பட்ட இடத்தில் விரல் மஞ்சளாகியிருந்தது. தோலைக் கொதிக்க வைத்து, பூ கட்ட வாங்கி வைத்திருந்த வெள்ளை நூலை அதில் முக்கி எடுத்துக் கொடியில் போட்டாள். வெயில் பட்டதும் நூல் பொன்வண்ணமாகிப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர், கடுக்காய், படிகாரம் என்று கேட்டால், “யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்று கடைக்காரர் விசாரிப்பார். “நூலுக்குங்க” என்பாள். படிகாரத்தில் ஊறிய நூலை மஞ்சிட்டியில் போட்டால் செங்கல் சிவப்பு வந்தது. மாதுளைத் தோலில் துரு ஆணி ஊறிய தண்ணீரைக் கலந்தால் பாசிப் பச்சை வந்தது. வளையமாகச் சுற்றிக் கட்டிய நூலைச் சிட்டம் என்பார்கள். மொட்டைமாடிக் கொடியில் சிட்டம் சிட்டமாக நிறங்கள் தொங்கின. ஊசியால் பின்னுகிற பெண்கள் நாலைந்து பேர் கேட்டு வாங்கவும் ஆரம்பித்தார்கள்.

அவள் கணவர் திருமால் நெல் மண்டியில் எடை போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஈரச் சிட்டங்களைப் பிழிவது, அண்டாவைத் தூக்கி இறக்குவது எல்லாம் அவர் வேலை. ஒவ்வொரு புது நிறத்தையும் அவள் கொண்டுவந்து நீட்டுவாள். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குது” என்பார். எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான்.

கம்மாபுரத்து ஜெயஸ்ரீ டீச்சர், தங்கை குழந்தைக்குப் போர்வை பின்ன ஆறு சிட்டம் சிவப்பு கேட்டிருந்தார். கொடுக்க வேண்டிய சனிக்கிழமை வாசுகிக்குப் பட்டறையில் வேலை இருந்தது. திருமாலுக்குப் போன் செய்து, “மாடியில செவப்பு காயுது. ஆறையும் பையில போட்டு டீச்சர் கையில குடுத்துட்டு வந்துடுங்க” என்றாள்.

மத்தியானம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. “தப்பா நெனைக்காதீங்க வாசுகி. நான் செவப்புதான கேட்டேன்? பச்சை வந்திருக்குது. பச்சையும் நல்லாத்தான் இருக்குது, ஆனா எங்க தங்கச்சி செவப்புதான் கேட்டா.”

வாசுகி வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போனாள். இரண்டு கொடிகளில் பச்சை காய்ந்த கொடி காலி. இன்னொன்றில் ஆறு சிவப்புச் சிட்டங்களும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. கீழே இறங்கி வந்தவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

“செவப்பு எது, பச்ச எதுன்னு கூடவா பாக்க மாட்டீங்க?” என்றாள்.

திருமால் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார்.

“ரெண்டு வருஷமா ஒவ்வொண்ணா கொண்டாந்து காட்டறேன். நல்லா இருக்குதுன்னு சொல்றீங்க. ஒரு நாளாவது பாத்துட்டு சொன்னீங்களா?”

“எல்லாத்தயும் பாத்துட்டுத்தான் சொன்னேன்.”

“பாத்தா தெரியாதா?”

“தெரியல வாசுகி,” என்றார். “எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது.”

சமாளிக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் அவர் கண்ணை நிமிர்த்தவில்லை. வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்கிறார். உடம்புப் பரிசோதனைக்குக் கூப்பிட்டு, ஒரு புத்தகத்தை விரித்திருக்கிறார்கள்.

“பக்கம் முழுக்க புள்ளி. உள்ள ஒரு நம்பர் இருக்குது, படின்னாங்க. எனக்கு முன்னாடி போனவன் கடகடன்னு படிச்சான். எனக்கு வெறும் புள்ளிதான். செவப்பும் பச்சையும் உனக்குப் பிரியாது, போயிட்டு வான்னு அனுப்பிட்டாங்க.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“பொண்ணு பாக்க வர்றப்பவே எங்கப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு. கண்ணுல கோளாறுன்னு நெனச்சுக்குவாங்கன்னு. அப்புறம் எப்புடி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீ சாயம் போட ஆரம்பிச்சப்புறம் சொன்னா, உனக்கு மனசு விட்டுப்போயிடுமேன்னு விட்டுட்டேன்.”

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குவதைக் கஞ்சத்தனம் என்று அவள் கேலி செய்திருக்கிறாள். தீபாவளிக்குத் தீபாவளி நீலப் புடவையாகவே எடுத்து வருவதைப் பார்த்து, அவள் அக்காதங்கைகள் சிரித்திருக்கிறார்கள். அது நினைவுக்கு வந்ததும், “அப்போ என் பொடவ?” என்று கேட்டாள்.

“நீலம் எனக்கு நல்லாத் தெரியும். நீ கட்டுனா தூரத்துலேர்ந்தே பளிச்சுன்னு இருக்குது. அதான் அதயே எடுக்கறேன்.”

வாசுகி உள்ளே போய் டீ போட்டாள். இரண்டு டம்ளரையும் எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரிடம் காட்டிக் காட்டித் தான் சந்தோஷப்பட்டபோதெல்லாம், தெரியாத ஒன்றை எட்டிப் பிடிக்க அவர் எப்படி உற்றுப் பார்த்திருப்பார் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் சிவப்பைக் கொண்டுபோய் மாற்றிக் கொடுக்க இருவருமே கிளம்பினார்கள். பையில் அடுக்கும்போது திருமால் ஒரு சிட்டத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“இந்த எடத்துல வெளுத்திருக்குதே,” என்றார்.

வாசுகி வாங்கிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குச் சிவப்புதான் தெரிந்தது. வெயிலுக்குக் கொண்டுபோய் இழைகளை விலக்கிப் பார்த்தபோதுதான் கண்டாள். முடிச்சை இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் சரியாக ஏறாமல் விரலகலத்துக்கு மங்கியிருந்தது. இன்னொரு சிட்டத்திலும் அவரே காட்டினார். பட்டறையில் மயிரளவு கீறலையும் பிடிக்கிற அவள், சிவப்பின் அழகில் மயங்கி இதை விட்டிருக்கிறாள். நிறத்தில் ஏமாறாத கண்ணுக்கு ஏற்ற இறக்கம் முதலில் பட்டுவிட்டது.

“டீச்சருக்குப் போன் போட்டு நாளைக்கு வரேன்னு சொல்றேன்,” என்றாள். “இனிமே நீங்க பாக்காம ஒரு சிட்டமும் வெளிய போவாது.”

“நான் பாத்து என்னா சொல்றது?”

“நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

இரண்டையும் முடிச்சைத் தளர்த்தி மறுபடி சாயத்தில் போட்டாள். திங்கட்கிழமை மாலை கம்மாபுரம் போய்ச் சிவப்பைக் கொடுத்துவிட்டு, பச்சையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அதுவரை வாசுகி நீலத்தின் பக்கம் போனதில்லை. நீலம் தரும் அவுரியை அடுப்பில் கொதிக்க வைத்தால் ஆகாது. நொதிக்க வைக்க வேண்டும், பல நாள் பார்க்க வேண்டும். ஆனால் இப்போது அவளுக்குப் பொறுக்கவில்லை. விழுப்புரம் பக்கமிருந்து அவுரிக் கட்டி வரவழைத்து, பொடித்து, சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்துத் தோட்டத்தில் ஒரு பானையில் கரைத்து வைத்தாள். முதல் பானை கெட்டுப்போனது. இரண்டாவது பானையின் நாற்றம் மதிலைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னாம்மா, எலி கிலி செத்துக் கெடக்குதா?” என்று கேட்டார். திருமால்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். தினமும் மண்டிக்குப் போகுமுன் பானையைக் கிளறிவிட்டுப் போவதும் அவர்தான்.

ஒன்பதாம் நாள் மேலே நீல நுரை கட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் தோட்டத்தில் இறங்கியிருந்தது. ஈரமான வெள்ளைச் சிட்டத்தை வாசுகி மெதுவாக உள்ளே விட்டாள். சற்று நேரம் கழித்துத் தூக்கினாள். நீலத்தைக் காணோம். பச்சையும் மஞ்சளுமாகச் சொட்டியது. இதுவும் போச்சு என்று நினைத்தாள்.

“மஞ்சளா வருது?” என்றார் திருமால்.

அவள் பதில் சொல்வதற்குள் காற்றுப் பட்ட மேல் இழைகள் மாறத் தொடங்கின. பச்சை கலங்கி, கருத்து, நீலம் மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. திருமால் குனிந்தார். முகத்தை நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. வாசுகி நூலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

“மாறுது வாசுகி,” என்றார். “எனக்குத் தெரியுது. மஞ்சள்லேர்ந்து நீலமா மாறுது.”

அவள் பார்த்தது பச்சை. அவர் பார்த்தது மஞ்சள். அவள் திருத்தவில்லை. “ஆமாங்க, மாறுது,” என்றாள்.

அடுத்த சிட்டத்தை அவள் எடுப்பதற்குள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னாள், காதில் வாங்கவில்லை. இரண்டு கையையும் மணிக்கட்டு வரை பானைக்குள் விட்டார். அந்த நேரம் கொளஞ்சியம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “இன்னும் என்னாப்பா பண்றீங்க?” என்றார்.

“நீலம் போடறோம்ங்க,” என்றார் திருமால். “அப்பிடியே நில்லுங்க, தூக்கறேன். வெளிய வந்ததும் பாக்கணும் நீங்க.”