சமையலறை அன்பியம்

கண்ணாடிக்கடைக்காரர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த ஓட்டு அவருடைய மனைவியுடையது.

பெரிய தேர்தல் ஒன்றும் இல்லை. எங்கள் பங்கில், அதாவது எங்கள் தேவாலயத்தின் எல்லைக்குள், ஒவ்வொரு தெருவும் ஓர் அன்பியம். தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லும், பாட்டுப் பாடும், தேநீர் குடித்துவிட்டுக் கலையும். சில வருஷங்களுக்கு ஒருமுறை அன்பியம் தனக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பங்குப்பேரவைக்கு அனுப்பும். பேரவை என்பது கோயில் காரியங்களில் பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்ல ஏற்பட்ட சபை. அவர்தான் தலைவர். அவருக்கு அடுத்து துணைத்தலைவர், செயலர், அன்பியப் பிரதிநிதிகள், பாடகர் குழுவுக்கு ஒருவர், இளைஞர்களுக்கு ஒருவர், மடத்திலிருந்து ஒரு சிஸ்டர். மாதம் ஒருமுறை கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அறையில் கூடுவார்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொன்னதெல்லாம் ஆலோசனைதான், முடிவு பங்குத்தந்தையுடையது.

அந்த அறையில் உட்கார வேண்டும் என்பது கண்ணாடிக்கடைக்காரரின் நெடுநாள் ஆசை. பதவி ஆசை என்று சொல்ல முடியாது. அவருக்கு எதிர்க்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி அறுக்கும்போது வாயைத் திறக்க முடியாது. கை லேசாக ஆடினாலும் கண்ணாடி போச்சு. பகலெல்லாம் மூடிக் கிடந்த வாய்க்குள் அபிப்பிராயங்கள் சேர்ந்துகொண்டே போகும். பூசை நேரம், ஒலிபெருக்கியின் இரைச்சல், வாசல் கேட்டுக்கு அடித்த பெயின்ட், எல்லாவற்றிலும் அவருக்கு மறுப்பு இருந்தது. மறுப்பைப் பதிவு செய்யத்தான் இடமில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். தையல்காரம்மா, அதாவது அவர் மனைவி, எதிர்த்து நின்ற மருந்துக்கடைக்காரம்மாவுக்குக் கை தூக்கினார். அதுவும் பாதியாக இல்லை. பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நன்றாக உயர்த்தித் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது.

"ஏன் நீ கையைத் தூக்கலை?"

"தூக்கினேனே."

"எனக்கு!"

"உங்களுக்குத் தூக்கணும்னு யாராவது சொன்னாங்களா? மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

தையல்காரம்மா சமையலறை ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடிக்கத் தொடங்கிவிட்டார். மெஷின் ஓடும்போது அவரிடம் பேசிப் பயனில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் கண்ணாடிக்கடைக்காரரும், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளும்.

மறுநாள் அவர் செயலரைத் தேடிப் போனார். செயலர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரவை விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விதியில் இருந்தால் எதற்கும் சரி என்பார், இல்லாவிட்டால் பெற்ற பிள்ளைக்கும் இல்லை என்பார்.

"ஓர் அன்பியத்துக்கு ஒரு பிரதிநிதி, சரிதானே?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"சரி."

"அன்பியத்துல எத்தனை குடும்பம் இருக்கணும்?"

செயலர் கண்ணை மூடி மனசுக்குள் விதிகளைப் புரட்டினார். "அதிகபட்சம் சொல்லியிருக்கு. குறைந்தபட்சம் சொல்லலை."

"அப்ப ஒரே ஒரு குடும்பம் இருந்தா?"

"ஒண்ணாவது இருக்கணும்," என்றார் செயலர் கண்டிப்பாக. "அதுக்குக் கீழே போனா நான் ஒத்துக்க மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்ணாடிக்கடைக்காரர் வீடு தெருவிலிருந்து பிரிந்து தனி அன்பியம் ஆனது. பங்குத்தந்தை நல்ல மனுஷர், இளம் வயசு, யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஜெபம் பண்ணத்தானே கேக்கறாங்க," என்று விட்டுவிட்டார்.

புது அன்பியம் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமல்லவா? முன்னறையில் கூட்டம். செயலர் மேற்பார்வைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் தொலைபேசியில். கண்ணாடிக்கடைக்காரர் தன் பெயரைத் தானே முன்மொழிந்தார். "வேற யாராவது?" என்று செயலர் முறைக்குக் கேட்டார்.

"நானும் நிக்கறேன்," என்றார் தையல்காரம்மா.

"நீ எதுக்கு?"

"நிக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

செயலர் இல்லை என்று தலையாட்டினார். மகள் கொஞ்சமும் யோசிக்காமல், "அம்மாவுக்கு," என்றாள். கண்ணாடிக்கடைக்காரர் தன் சொந்த வீட்டில், தானே உண்டாக்கிய அன்பியத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோற்றார். செயலர் வெற்றி பெற்றவருக்குக் கைகொடுத்துவிட்டுத் தேநீர் குடித்தார்.

அடுத்த மாதம் தையல்காரம்மா பேரவைக்குப் போய் வந்தார். "என்ன பேசினாங்க?" என்று கேட்காமல் இருக்கக் கண்ணாடிக்கடைக்காரர் படாத பாடு பட்டார். கடைசியில் கேட்டும்விட்டார்.

"வாசல் கேட்டுக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கலாம்னாங்க."

"நீ எதிர்த்தியா?"

"எதுக்கு எதிர்க்கணும்? துருப்பிடிச்சிருக்கு."

அதை அவரால் தாங்க முடியவில்லை. மறுபடியும் செயலர் வீட்டுக்கு ஓடினார். தனி ஆள் ஒருவர் குடும்பம் ஆவாரா என்று கேட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் தனியாக வாழும் ஓர் அம்மாவைப் பங்கு எப்போதுமே ஒரு குடும்பமாகத்தான் சேர்த்திருந்தது. ஆகவே ஆவார் என்றார் செயலர். அன்று சாயங்காலமே வீடு இரண்டானது. முன்னறையும் வராந்தாவும் ஓர் அன்பியம். பிரதிநிதி கண்ணாடிக்கடைக்காரர், போட்டியின்றித் தேர்வு. சமையலறையும் அதை ஒட்டிய படுக்கையறையும் இன்னோர் அன்பியம், பிரதிநிதி தையல்காரம்மா. கண்ணாடிக்கடைக்காரர் அதற்குப் பிறகு முன்னறைச் சோபாவில்தான் படுத்தார்.

"அப்ப நான் எந்த அன்பியம்பா?" என்று மகள் தொலைபேசியில் கேட்டாள்.

"லீவுக்கு வா, பேசி முடிவு பண்ணுவோம்," என்றார் அப்பா. மகள் அந்த லீவுக்கு வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுக் கூத்தாகப் போயிருக்கும். ஆனால் எங்கள் பங்கில் பேரவைக்குப் போக ஆசைப்பட்டுத் தோற்றவர்கள் கொஞ்ச நஞ்சமா? பேக்கரிக்காரர் தனி அன்பியம் ஆனார். அவர் தம்பி, அண்ணன் கீழே இருக்கப் பிடிக்காமல் மாடியைப் பிரித்துக்கொண்டார். ஓட்டுநர் பள்ளிக்காரர், பல் டாக்டர், பேசிக்கொள்ளாத மாமியார் மருமகள், பேசிக்கொண்டே இருக்கும் இரட்டைச் சகோதரிகள், எல்லோரும் தனித்தனி. பாடகர் குழு குரல்வாரியாகப் பிரிந்தது. பேரவை அறை போதாமல் கூட்டம் கோயிலுக்குள்ளேயே மாறியது. பிறகு பார்த்தால் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களும் பேரவைக்கு வருகிறவர்களும் ஒரே ஆட்கள். பேரவையைக் குறை சொல்ல வெளியில் ஆளே இல்லை.

பழக்கம் பொல்லாதது. பூசையில் பங்குத்தந்தை பிரசங்கத்தை முடித்ததும் பேக்கரிக்காரர் எழுந்து, "இதை நான் வழிமொழிகிறேன்," என்றார். மழை வேண்டி வாசித்த மன்றாட்டில், மழை எந்தக் கிழமை பெய்யலாம் என்று பல் டாக்டர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பேரவைக் கூட்டங்களிலோ, போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஏற்பதற்குள் மணி அடித்துவிடும். ஒவ்வொருவருக்கும் தான் பேசியது அதில் விட்டுப்போயிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு? அவருக்கு முறையே வரவில்லை. பேச விரும்புகிறவர்களின் வரிசையில் அவர் எப்போதும் ஏதோ ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தார். எதிர்க்கத்தான் வந்தார், எதிர்க்க ஒரு தீர்மானம்கூடக் கிடைக்கவில்லை. வீட்டிலும் பேச முடியாது. அங்கே பக்கத்து அன்பியம்.

நிஜமாகவே கஷ்டப்பட்டவர் பங்குத்தந்தை. ஒவ்வோர் அன்பியத்திலும் மாதம் ஒருமுறை பங்குத்தந்தை வந்து ஜெபக்கூட்டம் நடத்த வேண்டும் என்பது எங்கள் மறைமாவட்ட வழக்கம். தெருவுக்கு ஒன்று இருந்தபோது அது சிரமமாக இல்லை. இப்போது அவர் சாயங்காலமானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, மாடி மாடியாக, அறை அறையாக ஏறி இறங்கினார். கன்னம் ஒட்டிப்போனது. அங்கி தோளில் நிற்காமல் நழுவ, தையல்காரம்மாதான் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவர் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். முதலில் முன்னறை அன்பியம். கூட்டத்தில் இருந்தது ஓர் ஆள். பங்குத்தந்தை ஜெபத்தைத் தொடங்க, கண்ணாடிக்கடைக்காரர் பதில் சொன்னார், பாட்டையும் தானே எடுத்துத் தானே பின்பாட்டும் பாடினார்.

"ரெண்டாவது அடி இன்னும் மேல போகணும்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பக்கத்து அன்பியம் தலையிடக் கூடாது," என்றார் இவர், பாட்டை நிறுத்தாமலே.

முடிந்ததும் பங்குத்தந்தை பையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து சமையலறைக்குப் போனார்.

"வாங்க ஃபாதர்," என்று தையல்காரம்மா வரவேற்றார். "தூரத்திலிருந்து வர்றீங்க, உக்காருங்க."

தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து பங்குத்தந்தை அருள்நிறை மரியே என்று ஆரம்பித்தார். ஒன்று சொன்னார். இரண்டு சொன்னார். மூன்றாவதில் பாதி வார்த்தை வந்தது, மீதி வரவில்லை. தலை மெதுவாகச் சாய்ந்து மெஷின் மேலிருந்த துணிக்குவியலில் இறங்கியது. தையல்காரம்மா அவசரமாக ஊசியை மேலே தூக்கிவிட்டார்.

"என்னங்க," என்று முன்னறைப் பக்கம் மெல்லக் கூப்பிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த 'என்னங்க'.

கண்ணாடிக்கடைக்காரர் வாசற்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "என்ன ஆச்சு?"

"தூங்கிட்டார்."

"சாப்பிட்டாரா?"

"எங்க சாப்பிட்டிருப்பார், பாவம். இதுக்கு முன்னாடி பேக்கரிக்காரர் வீட்ல ரெண்டு மாடி ஏறிட்டு வந்திருக்கார்."

"உள்ள வரலாமா?"

"விருந்தாளியா வாங்க."

வந்தார். இரண்டு பேருமாக அவர் தலைக்கடியில் ஒரு தலையணையைச் செருகினார்கள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பு மேடை ஓரமாக, பூசையில் நிற்கிற மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"நீ ஏன் எனக்குக் கை தூக்கலை?" என்று கேட்டார் அவர். சண்டைக்கு இல்லை. சண்டை போட்டால் ஃபாதர் எழுந்துவிடுவாரே.

தையல்காரம்மா சேலை முந்தானையை முறுக்கினார். "காலைல கடைக்குப் போறீங்க. பொழுது சாஞ்சு வர்றீங்க. வந்து உக்காந்து, பூசை நேரம் சரியில்லை, பெயின்ட் சரியில்லை, உப்பு சரியில்லைன்னு ஒண்ணொண்ணா எதிர்ப்பீங்க. நான் மெஷினை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அங்க போய் எல்லாத்தையும் கொட்டிட்டு வந்தா, அப்புறம் வீட்ல பேச உங்ககிட்ட என்ன இருக்கும்?"

கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். மறுப்பு ஒன்றும் வரவில்லை. கண்ணாடி அறுக்கும்போது மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா? கத்தினீங்க."

பங்குத்தந்தை திடுக்கிட்டு விழித்து, "ஆமென்," என்றார். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "கூட்டம் முடிஞ்சுதா? யாரு வழிமொழிஞ்சது?" என்று கேட்டார். அவருக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள்.

இரண்டு அன்பியங்களும் ஒன்றாகச் சேர விரும்பின. சேர்வதற்குப் பேரவையில் வைக்க வேண்டும் என்றார் செயலர். பிரிய ஒருவர் போதும், சேர எல்லோரையும் கேட்க வேண்டும், விதி அப்படி. வைத்தார்கள். கோயிலே அதிர்ந்தது.

"இன்னைக்கு இவங்க சேர்ந்தா நாளைக்கு எங்களையும் சேரச் சொல்லுவாங்க!" என்றார் பேக்கரிக்காரரின் தம்பி.

"குடும்ப ஒற்றுமைங்கற பேர்ல பிரதிநிதித்துவத்தைப் பறிக்கறாங்க," என்றார் பல் டாக்டர். மாமியாரும் மருமகளும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. சேரலாம் என்று தூக்கியவை இரண்டே கைகள். மற்ற கைகளெல்லாம் எதிராக.

பங்குத்தந்தை எழுந்தார். மெலிந்த உடம்பு, கண்ணுக்கடியில் கறுப்பு. "உங்க ஆலோசனையைக் கேட்டேன். ரொம்ப நன்றி," என்றார். "இவங்க ரெண்டு பேரும் சேரலாம். நீங்களும் சேருங்க. நாளையிலிருந்து பழையபடி தெருவுக்கு ஓர் அன்பியம்தான்."

யாரோ, "அப்ப எங்க ஓட்டு?" என்றார்கள்.

"அது ஆலோசனை," என்றார் பங்குத்தந்தை. "இது முடிவு."

எல்லோரும் செயலரைப் பார்த்தார்கள். செயலர் கண்ணை மூடித் திறந்தார். "விதியில இருக்கு," என்றார். "முதல் பக்கத்திலேயே இருக்கு."

பங்குத்தந்தை அப்போதே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார் என்று கேள்வி. மருந்துக்கடைக்காரம்மா பழையபடி எங்கள் தெருப் பிரதிநிதி ஆனார். இன்றுவரை பேரவையில் அவர் வாயைத் திறக்கவில்லை என்கிறார்கள், அதனாலேயே அவருக்கு நல்ல பேர்.

அன்று கோயிலிலிருந்து திரும்பும்போது தம்பதி இருவரும் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கையை வீசி வீசிப் பேசினார். "அது எப்படி, இத்தனை பேர் சொல்றதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு மனுஷர் முடிவெடுக்கலாம்? நமக்குச் சாதகம்தான், இல்லேங்கலை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நான் ஒத்துக்கவே மாட்டேன்."

"ம்," என்றார் தையல்காரம்மா. "அப்புறம்?"